தட்டைத் தாழ்த்துமுன் பாரத்தை நிறுத்துப் பாருங்கள்

சங்கங்களின் சரக்கு வண்டிகளைக் குறித்து அங்கத்தினர்களிடையே அண்மையில் ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. பிக்கப் வண்டியின் வில்லை மாற்றி, வண்டியைச் சில அங்குலம் தாழ்த்திவிட வேண்டும் என்பதே அப்பேச்சு. தட்டு தாழ்ந்தால் மூட்டை ஏற்றுவோரின் முதுகு நோகாது என்பது ஒரு சாரார் கூறும் காரணம். வளைவுகளில் வண்டி சாயாமல் ஓடும் என்பது மற்றொரு சாரார் கூறுவது. பார்வைக்கு அழகாயிருக்கும் என்பது, வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், இளைஞர் பலரின் உள்ளத்தில் இருப்பது.

இம்மூன்று காரணங்களும் எள்ளி நகையாடத்தக்கவை அல்ல. ஆயினும், சங்கத்தின் வண்டி அங்கத்தினர் அனைவருக்கும் உரிய பொதுச்சொத்து. கடன் பெற்று வாங்கிய வண்டியோ, கடன் தீரும்வரை அக்கடனுக்கு ஈடாக நிற்பது. ஆகவே, பட்டறையில் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலைதானே என்று இதனை எளிதாகக் கருதலாகாது. என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். வண்டியின் உயரத்தைக் கண்ணால் அன்று, பாரத்தால் தீர்மானிக்க வேண்டும். பாரம் சுமந்து பிழைக்கும் வண்டியைத் தாழ்த்துவதைக் காட்டிலும், பாரம் ஏற்றும் இடத்தை உயர்த்துவதே சங்கத்துக்கு நன்மை தரும்.

நம் நாட்டு உழவர்க்கு வில் புதிய பொருளன்று. நெல்லும் எருவும் ஏற்றிய பாரவண்டிக்கு வில் கிடையாது. அச்சின்மேல் சட்டம் நேரே அமர்ந்திருக்கும். பெண்டிரும் முதியோரும் ஏறிச் செல்லும் வண்டிக்கே எஃகுப் பட்டைகளை அடுக்கி வில் கட்டினர். வில்வண்டி என்ற பெயரும் அதனால் வந்ததே. பாரத்துக்கு ஒரு வண்டி, ஆளுக்கு ஒரு வண்டி என்று முன்னோர் பிரித்து வைத்திருந்த இரு வேலைகளையும் இன்றைய பிக்கப் வண்டி ஒருங்கே செய்கிறது. வெறுமையாகத் திரும்பும்போது அது குலுங்காமல் ஓட வேண்டும்; நிறைபாரத்தோடு செல்லும்போது அதன் அச்சு அடிச்சட்டத்தில் இடிக்கலாகாது. இதற்கென்று தயாரிப்பாளர் கணக்கிட்டு விட்டிருக்கும் இடைவெளியே, வெறும் வண்டியின் பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்பதாக நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. அது அழகுக் குறைவன்று. வரப்போகும் பாரத்துக்காக ஒதுக்கி வைத்த இடம்.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்கலாம். அச்சுக்கும், அது சட்டத்தில் இடிக்காதிருக்க மேலே பொருத்தியுள்ள ரப்பர்க் கட்டைக்கும் இடையே, வெறும் வண்டியில் 4 அங்குலம் இருப்பதாகக் கொள்வோம். அனுமதிக்கப்பட்ட முழுப் பாரம் ஏறியதும் வில் 3 அங்குலம் அமுங்குவதாகவும் கொள்வோம். எஞ்சியிருப்பது 1 அங்குலம். சாலைப் பள்ளங்களையும் வேகத்தடைகளையும் அந்த 1 அங்குலமே தாங்க வேண்டும். இப்பொழுது வண்டியை 2 அங்குலம் தாழ்த்திவிட்டால், இடைவெளி 2 அங்குலமாகிவிடுகிறது. 3 அங்குலம் அமுங்க வேண்டிய பாரத்துக்கு 2 அங்குலமே இருக்கிறது. பாரம் முழுவதும் ஏறுமுன்னரே அச்சு ரப்பர்க் கட்டையைத் தொட்டுவிடும். அதன்பின் வில் இருந்தும் இல்லாததே. ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் அடிச்சட்டத்துக்கும், சக்கரத் தாங்கிக்கும், அடித்தட்டில் உள்ள தக்காளிப் பெட்டிக்கும் நேரே செல்லும்.

அப்படியானால் கடினமான வில்லைப் போட்டு அமுங்குவதைக் குறைக்கலாமே என்று கேட்கலாம். குறைக்கலாம். ஆனால், கடினமான வில் கொண்ட வண்டி வெறுமையாகத் திரும்பும்போது கட்டைவண்டியாகிவிடும். பின்சக்கரம் சாலையில் துள்ளும். மேலும், வில்லைக் கடினமாக்குவதால் அச்சும் டயரும் பிரேக்கும் கூடுதல் வலிமை பெற்றுவிடுவதில்லை. வண்டி அமுங்காததைக் கண்டு, இன்னும் பத்து மூட்டை ஏற்றலாம் என்ற ஆசை மட்டுமே கூடும். தாழ்ந்த தட்டு, முழுப் பாரம், மெத்தென்ற ஓட்டம் ஆகிய மூன்றையும் சாதாரண எஃகு வில் ஒருசேரத் தராது. எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்தல் வேண்டும்.

பிக்கப் வண்டியைத் தாழ்த்தும் வழக்கம் அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவில், செழித்து வளர்ந்தது. அங்கே இதற்கென்றே பழைய வண்டிகளைத் தேடி வாங்குகின்றனர். செவ்ரலே நிறுவனத்தின் சி-10 அவற்றுள் புகழ் பெற்றது. 1967 முதல் 1972 வரை வந்த அவ்வண்டிகளுள் பெரும்பாலானவற்றுக்குப் பின்புறத்திலும் சுருள்வில்லே இருந்தமையால், குட்டையான சுருள்வில்லைப் பொருத்தித் தாழ்த்துவது எளிதாயிற்று. ஆனால், இவ்வாறு தாழ்த்தப்பட்ட வண்டிகளிற் பல உழைப்பிலிருந்து ஓய்வு பெற்றவை என்பதை நாம் மறத்தலாகாது. அவை கண்காட்சிக்கும் உல்லாசச் சவாரிக்கும் போகின்றன. சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிச் செல்வதில்லை.

தொழிற்சாலையே தாழ்த்தி விற்ற வண்டியும் உண்டு. ஜி.எம்.சி. நிறுவனம் 1991ஆம் ஆண்டில் சைக்ளோன் என்ற விரைவுப் பிக்கப் வண்டியை வெளியிட்டது. அதற்கு அந்நிறுவனம் விதித்த பார அளவு 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோகிராம். 50 கிலோ மூட்டைகள் ஐந்தைக் கூட அதில் ஏற்றலாகாது! பொறியாளர் பலரும் சோதனைக் கூடங்களும் உடைய நிறுவனமே, விரைவுக்காகத் தாழ்த்தியமைத்த வண்டிக்குப் பாரத்தைக் குறைத்துக்கொண்டது என்றால், நம் ஊர்ப் பட்டறையில் தாழ்த்திய வண்டி பழைய பாரத்தையே சுமக்கும் என்று நாம் எவ்வாறு நம்புவது?

கலிபோர்னியாவின் சட்டமும் இதில் ஓர் எல்லையை வகுத்திருந்தது. சக்கர வளையத்தின் அடிவிளிம்பை விட வண்டியின் வேறு எப்பகுதியும் கீழே இறங்குமாறு மாற்றம் செய்யலாகாது என்பது 1958 முதல் அங்கே நடைமுறையில் இருந்த விதி. டயர் காற்றிறங்கினாலும் வண்டியின் அடிப்பாகம் சாலையில் உரசலாகாது என்ற நியாயத்தை அவ்விதியில் காணலாம். தாழ்ந்த வண்டிகளைத் தம் பண்பாட்டின் அடையாளமாகக் கொண்ட மெக்சிகோ வழி அமெரிக்கர்கள் நெடுங்காலம் போராடியதன் பயனாக, 2024 ஜனவரி முதல் அவ்விதி நீக்கப்பட்டது. சட்டம் விலகினாலும், டயர் காற்றிறங்குவது விலகிவிடவில்லை. அந்த அளவு இன்றும் நல்ல அளவே.

இனி, தாழ்த்தும் முறைகளைப் பார்ப்போம். நம் சரக்கு வண்டிகளின் பின்புறத்தில் பெரும்பாலும் இருப்பது பட்டைவில். முதலில் நோக்க வேண்டியது அச்சு பட்டைக்கு மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்பதே. அச்சு மேலே இருந்தால், இரண்டுக்கும் இடையே கட்டை வைத்து நீண்ட யூ போல்ட்டால் இறுக்கும்போது வண்டி தாழும். அச்சு கீழே இருந்தால், அதே கட்டை வண்டியை உயர்த்திவிடும். கட்டை வைத்தால் தாழும் என்று பொதுவாகச் சொல்வோர் இதை அறியாதவர்.

அச்சு கீழே உள்ள வண்டியில், அதனைப் பட்டைக்கு மேலே மாற்றிப் பொருத்துவது மற்றொரு முறை. இதனால் 5, 6 அங்குலம் வரை தாழ்ந்துவிடும். அப்பொழுது அச்சு அடிச்சட்டத்தை இடிக்கும் நிலை வருவதால், சட்டத்தின் கீழ்ப்புறத்தை வளைவாக வெட்டியெடுத்து, வலுவூட்டும் எஃகுத் தகட்டைப் பொருத்துகின்றனர். பாரம் முழுவதையும் தாங்கும் முதுகெலும்பில் கத்தி வைப்பதற்கு இது ஒப்பாகும். சரக்கு வண்டிக்கு இம்முறையை எவ்வகையிலும் பரிந்துரைக்க இயலாது.

பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் தொங்கட்டானை மாற்றுவது சிறிய மாற்றத்துக்கு உதவும். ஒரு முனையில் 2 அங்குலம் மாற்றினால் நடுவிலுள்ள அச்சினிடத்தில் ஏறக்குறைய 1 அங்குலமே மாறும். வளைவு குறைந்த புதிய பட்டைகளைச் செய்துபோடுவது இவற்றுள் செம்மையானது. வண்டிக்கு ஏற்ற பார அளவில் அவற்றை வடிக்க முடியும். இருக்கும் பட்டையைச் சூடேற்றித் தட்டி நிமிர்த்துவதும், சுருள்வில்லை அறுத்துக் குட்டையாக்குவதும் கைவிட வேண்டிய முறைகள். சூடேற்றிய எஃகு தன் பதத்தை இழக்கும். பதமிழந்த பட்டை எந்தப் பாரத்தில், எந்த ஊர்ச் சாலையில் முறியும் என்று எவராலும் கூற இயலாது.

காற்றுவில் எல்லாவற்றினும் மேலானது. ஏற்றும்போது தாழ்த்தி, ஓடும்போது உயர்த்திக்கொள்ள அது இடம் தருகிறது. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024ஆம் ஆண்டில் ஓடவிட்ட தாழ்தளப் பேருந்துகள், பயணிகள் ஏறுவதற்காக ஒரு பக்கம் தாழ்ந்து கொடுப்பது இம்முறையினால்தான். ஆனால், அப்பேருந்துகள் பிறக்கும்போதே அவ்வாறு அமைக்கப்பட்டவை. காற்றழுத்தும் இயந்திரம், காற்றுக்கலம், குழாய்கள், அவற்றைப் பேணும் பணிமனை ஆகிய அனைத்தும் அங்கே உண்டு. காற்றுக் கசிந்தால் பழுது பார்ப்பதற்கு மாவட்டத் தலைநகருக்குச் செல்ல வேண்டிய சிறு சங்கத்துக்கு அது சுமையாகவே முடியும்.

எம்முறையைக் கையாண்டாலும், பின்புறத்தைத் தாழ்த்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எஞ்சினிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் தண்டின் கோணம் மாறும். அதன் மூட்டுகள் விரைவில் தேயும். அதிர்வு தாங்கி முன்னிருந்த நீளத்துக்கு ஏற்றது. இப்போது அதற்கு இடம் போதாது. முன்புறம் தாழ்ந்தால் சக்கரங்களின் சாய்வு மாறி, டயர் ஒரு பக்கம் தேயும். முன்விளக்கின் ஒளி விழும் இடமும் மாறும்.

இவை எல்லாவற்றினும் கவலைக்குரியது பிரேக். பல சரக்கு வண்டிகளில், பின்னச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு கம்பியால் இணைத்த அடைப்பான் உண்டு. பாரம் ஏறி வண்டி அமுங்கும்போது அது பின்சக்கர பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வெறும் வண்டியில் குறைக்கும். தாழ்த்திய வண்டி வெறுமையாயிருக்கும்போதும் அமுங்கியே இருப்பதால், பாரம் இருப்பதாகக் கொண்டு அந்த அடைப்பான் அழுத்தத்தைக் கூட்டிவிடும். மழைநாளில் ஓட்டுநர் சற்று வேகமாக மிதித்தால் பின்சக்கரங்கள் உடனே கவ்விப்பிடித்து, வண்டி பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். தாழ்த்திக் கொடுக்கும் பட்டறையினர் அந்தக் கம்பியைத் திருத்தினரா என்று கேட்கும் அங்கத்தினர் எத்தனை பேர்?

வளைவில் சாயாது என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. பாரத்தின் நடுப்புள்ளி தாழ்ந்தால் வண்டி உறுதியாக நிற்கும் என்பது உண்மையே. ஆனால், அந்தப் பயனைப் பெறுவதற்கு வில்லைத் தொட வேண்டுவதில்லை. கனமான மூட்டைகளை அடியிலும், இலேசானவற்றை மேலும் அடுக்கி, கூண்டுக்கு மேல் சரக்கு உயராமல் பார்த்துக்கொண்டாலே போதும். தட்டை 2 அங்குலம் தாழ்த்தி, அதன்மேல் 2 அடி உயரம் கூடுதலாக அடுக்குவோர் என்ன பயன் கண்டார்?

சட்டத்தையும் கூறுதல் என் கடமை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடுமாறு உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக அமைக்கும் மாற்றம் போன்ற சில விலக்குகள் உண்டு. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றலாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வலியுறுத்தியது. அதே ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். எனவே, வில்லில் கை வைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே விடை பெறுதல் வேண்டும். விபத்து நேர்ந்தபின் இன்ஷூரன்ஸ் நிறுவனம் இதே வினாவை எழுப்பினால், வாய்மொழி விடை உதவாது. கடன் தந்த சங்கமும் கடன் வாங்கிய அங்கத்தினரும் அன்றைக்கு ஒருங்கே நட்டப்படுவர்.

இனி, முதுகு நோவைப் பற்றிய முதற் காரணத்துக்கு வருகிறேன். மூன்றினும் அதுவே தலையாயது. அதற்கு விடை காணாமல் மற்றவற்றை மறுப்பது நேர்மையாகாது. தட்டு தரையிலிருந்து 30 அங்குலம் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 2 அங்குலம் தாழ்த்தினால், சுமை தூக்குவோரின் உழைப்பில் குறைவது பதினைந்தில் ஒரு பங்கு. மேலே கூறிய அத்தனை இடர்ப்பாடுகளும் இந்த ஒரு பங்குக்காகவே! மாறாக, கிடங்கின் வாயிலில் தட்டின் உயரத்துக்கு ஒரு மேடை கட்டினால், மூட்டையைத் தூக்கவே வேண்டுவதில்லை; தள்ளுவண்டியில் வைத்து நேரே உருட்டிச் செல்லலாம். மேடை கட்டப் பணம் இல்லையாயின், வண்டி பின்வாங்கி இறங்குமாறு தரையைச் சரிவாக வெட்டி, மழைநீர் வடிய வழி செய்தாலும் அதே பயன் கிட்டும். வயலோரத்தில் ஏற்றுவதற்கு உறுதியான சரிவுப்பலகை ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். மேடைக்குப் பதிவுச் சான்று வேண்டாம். அது தேயாது, முறியாது. அடுத்த வண்டி வந்தாலும் பயன்படும்.

நெசவாளர் சங்கத்தார், தங்கள் நிலை வேறு என்று கூறலாம். துணிச் சிப்பங்களும் சேலைக் கட்டுகளும் இடத்தை அடைக்குமேயன்றி, உழவரின் மஞ்சள் மூட்டையைப் போல் கனப்பதில்லை. ஆகவே தாழ்த்தினாலும் அச்சு இடிக்காது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால், துணி கொண்டு சென்ற வண்டி திரும்பும்போது நூல் சிப்பங்களை ஏற்றி வருமன்றோ? நூலின் கனம் துணியின் கனத்துக்குக் குறைந்ததன்று. மேலும், வண்டியைப் பின்னால் விற்க நேர்ந்தால், பார வண்டியாக விற்பதா, பார்வை வண்டியாக விற்பதா என்ற சிக்கலும் எழும். உண்மையில் இலேசான சரக்கே ஏற்றும் சங்கம், அடுத்த வண்டி வாங்கும்போது தாழ்ந்த தட்டுள்ள சிறு வண்டியைத் தேர்ந்தெடுப்பதே முறை. 2005ஆம் ஆண்டில் வந்த டாட்டா ஏஸ் போன்ற வண்டிகள், 12 அங்குலச் சிறு சக்கரங்களில், ஒரு டன்னுக்குக் குறைந்த பாரத்துக்கென்றே அமைந்தவை. அவற்றின் தட்டு தாழ்ந்திருப்பது தயாரிப்பாளரின் கணக்கினால். வெட்டியும் ஒட்டியும் அன்று.

நிர்வாகக் குழுவினர் இது குறித்துத் தீர்மானம் எதனையும் நிறைவேற்றுமுன் ஒரு காரியம் செய்வார்களாக. சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, அச்சுக்கும் ரப்பர்க் கட்டைக்கும் இடையேயுள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் வழக்கமாக ஏற்றும் சரக்கை ஏற்றி, எடைமேடையில் நிறுத்து, பதிவுச் சான்றில் கண்ட அளவோடு ஒப்பிட்டு, மீண்டும் அந்த இடைவெளியை அளவுங்கள். எடைச் சீட்டையும் இரு அளவுகளையும் வண்டிப் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த பேரவைக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை உரக்கப் படியுங்கள். தாழ்த்துவதற்கு இடம் உள்ளதா என்பதை அது தெரிவித்துவிடும். இப்போது ஏற்றும் பாரமே அளவுக்கு மிஞ்சியதா என்பதையும் பல சங்கங்களுக்கு அதுவே தெரிவிக்கக்கூடும்.

சொந்தப் பணத்தில் பழைய வண்டி ஒன்றை வாங்கி, தக்க அனுமதி பெற்று, தாழ்த்தி அழகு பார்க்க விழையும் இளைஞரை நான் தடுக்கவில்லை. அவ்வண்டியிடம் எவரும் பாரம் எதிர்பார்ப்பதில்லை. சங்கத்தின் வண்டியிடமோ, இருநூறு குடும்பங்களின் விளைச்சலும் நெசவும் விடியுமுன் சந்தை சேர வேண்டும் என்று ஊரே எதிர்பார்க்கிறது. வெறும் வண்டியின் பின்புறம் சற்று உயர்ந்து நிற்பதைக் கண்டு எவரேனும் நகைத்தால், நாளைக் காலையில் ஏறப்போகும் பாரத்துக்கு அது இடம் வைத்திருக்கிறது என்று விடை கூறுங்கள்.